ஜாமீன் கிடைத்துவிட்டது

சட்டக் கல்லூரியில் படித்தபோது நான் எழுதிய பயிற்சி நாட்குறிப்பின் எட்டாம் நாள் பக்கத்தில் ஐந்தே வரிகள் இருக்கின்றன. நீதிமன்றம், குற்ற எண், சட்டப் பிரிவு, மனுவின் தன்மை, பிறகு கடைசி வரி: "மனு அனுமதிக்கப்பட்டது, எதிரிக்குப் பிணை வழங்கப்பட்டது." அதன் கீழே, நான் பயிற்சி பெற்ற சீனியர் வழக்கறிஞரின் கையெழுத்தும் முத்திரையும். வாய்மொழித் தேர்வில் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்த ஆசிரியர் "நன்று" என்று சொல்லி மதிப்பெண் போட்டார். மூன்று ஆண்டுகளாக அந்தக் கடைசி வரி என்னை விடவில்லை. அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் நான் அதை எழுதிய இரவும், அதற்குப் பிறகு பத்தொன்பது இரவுகளும், அந்த எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், சிறையில்தான் படுத்திருந்தார்.

சட்டம் படிக்கிறவர்களுக்கு இந்தப் பயிற்சியை விளக்க வேண்டியதில்லை. ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரம், மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரம் என்று இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள் சொல்கின்றன. படிப்பு முடிவதற்குள் ஒரு முறையாவது விசாரணை நீதிமன்றத்திலும் மேல்முறையீட்டிலும் வழக்காடும் வழக்கறிஞர்களிடம் இருந்திருக்க வேண்டும். எங்கள் வகுப்பில் இதைப் பற்றிய பேச்செல்லாம் "எங்கே இடம் கிடைத்தது?" என்று தொடங்கி "சான்றிதழ் கொடுத்துவிட்டார்களா?" என்று முடியும். நடுவில் நடந்ததை யாரும் யாரிடமும் கேட்டதில்லை. தோழி ஒருத்திக்குச் சென்னையில் பெரிய சட்ட நிறுவனம் ஒன்றில் இடம் கிடைத்தது. நான்கு வாரமும் ஒப்பந்தங்களைப் படித்துக் குறிப்பெடுத்தாள். அதுவும் சட்ட வேலைதான், அவள் அதில் கெட்டிக்காரியாகவும் ஆகிவிட்டாள். எனக்கு அப்படிப்பட்ட அறிமுகங்கள் கிடையாது. அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக். அவருடைய தொழிற்சங்க வழக்கைப் பார்த்த வழக்கறிஞர் ஒருவர் சொல்லித்தான், எங்கள் ஊரிலிருந்து நாற்பது நிமிடப் பயணத்தில் இருக்கும் தாலுகா நகரத்தில் ஒரு சீனியரிடம் 2023 மே மாதம் சேர்ந்தேன்.

மே மாதத்து நீதிமன்றம்

மாணவர்களுக்கு விடுமுறை மே மாதத்தில்தான். உரிமையியல் நீதிமன்றங்களுக்குக் கோடை விடுமுறையும் அதே மே மாதத்தில்தான். நாங்கள் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு போய்ச் சேரும்போது முன்சீஃப் கோர்ட்டின் கதவு சாத்தியிருக்கும், சார்பு நீதிமன்றத்து வராந்தாவில் நாய் படுத்திருக்கும். குற்றவியல் நடுவர் நீதிமன்றம் மட்டும் நடக்கும். உரிமையியல் வழக்கு ஒன்று, குற்ற வழக்கு ஒன்று என இரண்டு விசாரணைகளைப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும் என்பது பாடத்திட்டம். முதலாவதை எழுத, வகுப்பு நடக்கும் நாட்களில் விடுப்பெடுத்துத்தான் போக வேண்டும். போகாதவர்கள் முந்தைய ஆண்டு மாணவர்களின் பதிவேட்டை வாங்கிப் பெயர்களை மாற்றி எழுதினார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். விடுதியிலிருந்து நீதிமன்றத்துக்குப் போய்வர ஆகும் பஸ் செலவுக்கே கணக்குப் பார்த்தவர்கள் அவர்கள்.

முதல் வாரம் முழுவதும் சொற்களைக் கற்றுக்கொள்வதிலேயே போயிற்று. நான் ஆங்கிலத்தில் படித்த சட்டம் அந்தக் கூடத்தில் தமிழில் நடந்துகொண்டிருந்தது. சாட்சியம் தமிழில் பதிவாகும், பெயர் கூப்பிடுவது தமிழில், நடுவர் கேட்பது தமிழில். 'எதிரி' என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். 'கட்டு' என்றால் வழக்குக் கோப்பு. 'வாய்தா' என்ற சொல்லை மட்டும் வீட்டிலேயே கேட்டிருக்கிறேன், அப்பாவின் சங்க வழக்கு புண்ணியத்தில். பாடப் புத்தகத்தில் ஓர் அத்தியாயமாக வந்த விஷயத்துக்கு நீதிமன்ற வராந்தாவில் என்ன பெயர் என்று கண்டுபிடிப்பதே ஒரு மொழிபெயர்ப்பு வேலையாக இருந்தது. அந்த வேலையை நான் சரியாகச் செய்யவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

எனக்கு அந்த மொழியைக் கற்றுக்கொடுத்தவர் அலுவலகக் குமாஸ்தா. எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அதே அலுவலகம். வக்காலத்தில் நல நிதி ஸ்டாம்ப் ஒட்டாமல் போனால் மனு திரும்பி வரும் என்பதையும், நகல் மனு போட்ட கையோடு எந்த மேசையில் போய் நிற்க வேண்டும் என்பதையும், எந்தப் பிழைக்கு எந்தக் கட்டு 'ரிட்டர்ன்' ஆகும் என்பதையும் அவர் விரல் நுனியில் வைத்திருந்தார். மூன்று ஆண்டு வகுப்புகளில் இப்படி ஒரு மனிதர் இருக்கிறார் என்றே யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சீனியர் நல்லவர். ஆனால் அவருக்கு நேரம் கிடையாது, காலையில் ஒரு நீதிமன்றம், மதியம் இன்னொரு ஊர். "கூடத்தில் உட்கார்ந்து கவனியுங்கள் அம்மா, கவனிப்பதுதான் பயிற்சி" என்பார். நானும் உட்கார்ந்து கவனித்தேன்.

எட்டாம் நாள்

செங்கல் சூளையில் வேலை பார்த்த இளைஞர் அவர், இருபத்திரண்டு வயது. பக்கத்து மாவட்டத்துக்காரர். தோட்டத்துக் கிணற்றில் இருந்த மின் மோட்டார் திருடுபோன வழக்கில் இந்திய தண்டனைச் சட்டம் 379இன் கீழ் கைதாகி, ஏப்ரல் கடைசியிலிருந்து காவலில் இருந்தார். அவருடைய அம்மா கம்மலை அடகு வைத்து மூவாயிரம் ரூபாயோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் அமர்த்தித் தரும். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு அது. அந்தப் பிரிவு எனக்கு மனப்பாடம். அந்த அம்மாவிடம் அதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மனு விசாரணைக்கு வந்தது. சீனியர் இரண்டு நிமிடம் பேசினார். முந்தைய வழக்கு எதுவும் இல்லை, பொருள் கைப்பற்றப்பட்டுவிட்டது. அரசுத் தரப்பில் பெரிய எதிர்ப்பு இல்லை. நடுவர் உத்தரவைச் சொல்லச் சொல்ல, முதல் சொல்லிலேயே என் மனம் நின்றுவிட்டது: அனுமதிக்கப்படுகிறது. அதற்குப் பின்னால் வந்தவற்றையும் கேட்டேன். பத்தாயிரம் ரூபாய்க்கு இரண்டு நபர் ஜாமீன், அவர்களில் ஒருவர் இரத்த உறவு, காவல் நிலையத்தில் தினமும் கையெழுத்து. ஆனால் கேட்டதெல்லாம் பாட்டு முடிந்த பிறகு ஓடும் இசைபோல என் காதோடு போய்விட்டது. சீனியர் அடுத்த ஊருக்குக் கிளம்பினார். அண்ணாச்சி அன்று தங்கை மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தார். வெளியே வேப்பமரத்தடியில் அந்த அம்மா காத்திருந்தார். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "அம்மா, ஜாமீன் கிடைத்துவிட்டது. மகன் வந்துவிடுவார்."

அவர் என்னைக் கும்பிட்டார். வெள்ளைச் சுடிதார், கறுப்புக் கோட்டு. அவர் கண்ணுக்கு நான் வக்கீலம்மா. அன்று மாலை வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இந்தத் தொழிலுக்கு வந்தது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். இரவில் நாட்குறிப்பு எழுதினேன்.

ஒன்பது நாள் கழித்து அவர் திரும்பி வந்தார். அலுவலகப் படியிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. கையில் துணிப்பை, அதில் மகனுக்கு எடுத்து வந்த சட்டை. குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. "வக்கீலம்மா, நீங்கள்தானே கிடைத்துவிட்டது என்று சொன்னீர்கள்? நான் ஊருக்குப் போய் வீடு மெழுகிவைத்துவிட்டுத் தினமும் பஸ் பார்க்கிறேன். பிள்ளையைக் காணோமே, தாயி."

எனக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. சிறையில் ஏதோ தவறு நடந்திருக்கும், உத்தரவு போய்ச் சேராமல் இருந்திருக்கும் என்று எண்ணி உள்ளே திரும்பி அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் கட்டிலிருந்த நூலை முடிந்துகொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "உத்தரவு கிடைத்திருக்கிறது. ஜாமீன் இன்னும் யாரும் கொடுக்கவில்லையே, பாப்பா."

அந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் மூன்று ஆண்டுகளாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். ஆங்கிலப் புத்தகத்தில் படித்தபோது விடுதலைக்கு ஒரு சொல், அதற்குப் பொறுப்பேற்க வரும் ஆளுக்கு இன்னொரு சொல். தமிழில் இரண்டுக்கும் ஜாமீன்தான். நீதிமன்றம் ஜாமீன் கொடுக்கும், ஊர்க்காரர் வந்து ஜாமீன் கொடுக்க வேண்டும். ஒருவருக்காக ஜாமீன் நிற்போம், ஒருவரை ஜாமீனில் எடுப்போம். கிடைப்பது, கொடுப்பது, நிற்பது, எடுப்பது என்று நான்கு வினைகள், நான்கும் நடந்தால்தான் ஆள் வெளியே வருவார். வராந்தாவில் நிற்கும் எந்த விவசாயிக்கும் தெரிந்த இந்தக் கணக்கு எனக்குத் தெரியவில்லை. நான் முதல் வினையோடு நாட்குறிப்பை மூடிவிட்டேன். அந்த அம்மாவையும் ஊருக்கு அனுப்பிவிட்டேன்.

வேப்பமரத்தடி

அண்ணாச்சி அந்த அம்மாவை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் பக்கத்தில் நின்று எழுதினேன். கட்சிக்காரரிடம், அதாவது வழக்கறிஞரை நாடி வருபவரிடம், பேசும் இரண்டு அமர்வுகளைப் பார்த்துப் பதிவு செய்தால் 15 மதிப்பெண் உண்டு. என் பதிவேட்டில் ஏற்கெனவே இரண்டு அமர்வுகள் அழகான கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தன. ஆனால் கட்சிக்காரரிடம் எப்படிக் கேட்பது என்பதை அன்றுதான் பார்த்தேன். "ரேஷன் கார்டில் மகன் பெயர் இருக்கிறதா? வீட்டுத் தீர்வை ரசீது யார் பெயரில்? உங்கள் ஊரிலிருந்து வேறு யாராவது வருவார்களா, வந்தால் அன்றைய கூலி போய்விடுமே, அதை யார் கொடுப்பது?" கடைசிக் கேள்வியை எந்தப் பாடத்திட்டமும் எழுதி வைத்ததில்லை.

இரத்த உறவு என்பதற்கு அம்மா போதும், ரேஷன் கார்டு இருந்தது. இரண்டாவது ஆள்தான் கிடைக்கவில்லை. அவர்கள் வீடு புறம்போக்கில், ஜாமீனுக்குக் காட்டத் தீர்வை ரசீது கிடையாது. அவர்கள் தெருவில் எல்லோருக்கும் அதே நிலைமை. இந்த ஊரில் அவர்களுக்குத் தெரிந்தவர் சூளை உரிமையாளர் ஒருவர்தான், அவர் வர மறுத்துவிட்டார். வெளியே வேப்பமரத்தடியில் ஒருவர் அந்த அம்மாவிடம் ஏற்கெனவே பேசியிருந்தார்: இரண்டாயிரம் கொடுத்தால் ரசீதோடு ஆள் வருவான். காசுக்கு ஜாமீன் நிற்பவர்கள் எல்லா ஊர் நீதிமன்ற வாசலிலும் இருக்கிறார்கள். முகம் தெரியாத ஒருவருக்காக வந்து, "இவரைப் பத்து வருடமாகத் தெரியும்" என்று கூண்டில் சொல்லிவிட்டுப் போவார்கள். அண்ணாச்சி அந்த வழிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. "பிடிபட்டால் பையனுக்குத்தான் இன்னொரு வழக்கு" என்று மட்டும் சொன்னார். அடகு வைக்க அந்த அம்மாவிடமும் வேறெதுவும் இருக்கவில்லை.

அன்றிரவு தூக்கம் வராமல் கல்லூரிக் குறிப்புகளை எடுத்தேன். மோத்தி ராம் எதிர் மத்தியப் பிரதேச அரசு, 1978. தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு நான் எழுதிய விடை அது. ஓர் ஏழைக் கொத்தனார். விடுவிக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். ஆனால் கீழே தலைமை நடுவர் பத்தாயிரம் ரூபாய் ஜாமீன் கேட்கிறார், அண்ணன் தம்பி வந்தால் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று ஏற்க மறுக்கிறார். கொத்தனார் மறுபடியும் உச்ச நீதிமன்றத்துக்குப் போக, நீதிபதி கிருஷ்ணய்யர் ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணையில், அதாவது அவரே எழுதித் தரும் உறுதியில், விடச் சொல்கிறார். பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ சாந்தினி சௌக்கிலோ கைதாகும் ஒரு மலையாளியோ கன்னடரோ தமிழரோ தெலுங்கரோ அந்தத் தொலைவில் சொத்துள்ள ஜாமீன்தாரரை எங்கே தேடுவார் என்று அந்தத் தீர்ப்பு கேட்கிறது. இதையெல்லாம் நான் எழுதி, அடிக்கோடிட்டு, மதிப்பெண் வாங்கியிருந்தேன். அதே பத்தாயிரம், அதே வேறு மாவட்டம், செங்கல்லைக் கட்டுகிறவருக்குப் பதிலாகச் செங்கல்லை அறுக்கிறவர். என் கண் முன்னால் வந்து நின்றபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

இன்னொன்றும் இருந்தது. அதற்கு மூன்றரை மாதம் முன்பு, 2023 ஜனவரி 31ஆம் தேதி, உச்ச நீதிமன்றம் இதே சிக்கலுக்காக ஓர் உத்தரவு போட்டிருந்தது. பிணை உத்தரவின் நகலைச் சிறைக் கண்காணிப்பாளர் வழியாகக் கைதிக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். ஏழு நாட்களுக்குள் விடுதலையாகாவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தகவல் போக வேண்டும். ஒரு மாதத்துக்குள் ஜாமீன் கொடுக்க முடியாவிட்டால் நீதிமன்றம் தானாகவே முன்வந்து நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று வற்புறுத்துவது தாமதத்துக்கு ஒரு காரணம் என்பதையும் அந்த உத்தரவு சொல்லியிருந்தது. எங்கள் வழக்கில் ஒன்பது நாள் ஆகியும் எந்தத் தகவலும் யாரிடமும் போகவில்லை. போகாததைக் கண்டுபிடித்தது ஒரு துணிப்பையோடு வந்த அம்மா.

மறுநாள் காலை இரண்டையும் அச்செடுத்துக்கொண்டு போய்ச் சீனியரிடம் கொடுத்தேன். எட்டாம் நாள் நான் செய்ததையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "உங்களிடம் சொல்லாமல் போனது நான்தான் அம்மா" என்றார். பிறகு நிபந்தனைத் தளர்வு மனு எழுத உட்கார்ந்தோம். வாசகம் அவருடையது. இரண்டாவது பத்தியில் அந்த வீட்டின் நிலைமையை எழுதும் வேலையை எனக்குத் தந்தார். நான் 'வறிய நிலையில் உள்ளார்' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, புறம்போக்கு, தீர்வை ரசீது இல்லாமை, தின வேலைக் கூலி என்று உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னார். நடுவருக்கு அடைமொழி உதவாது, விவரம்தான் உதவும் என்றார். அதற்கு முன் வகுப்பில் நான் வரைந்த எந்த மனுவிலும் ஓர் உண்மையான வீடு இருந்ததில்லை.

திங்கட்கிழமை தாக்கல். அரசுத் தரப்புக்கு அறிவிப்பு, பிறகு ஒரு வாய்தா. வெள்ளிக்கிழமையோடு என் நான்கு வாரம் முடிந்தது. சான்றிதழில் தேதி போட்டுக் கையெழுத்திட்டார் சீனியர். ஞாயிற்றுக்கிழமை விடுதிக்குப் போய்விட்டேன். செவ்வாய்க்கிழமை மாலை அண்ணாச்சி தொலைபேசியில் கூப்பிட்டார். முந்தின நாள் உத்தரவு ஆகிவிட்டது, அம்மாவின் ஜாமீனும் சொந்தப் பிணையும் போதும் என்று. இன்று நாலரைக்குக் காகிதம் சிறைக்குப் போய்விட்டது, ஐந்தே முக்காலுக்கு ஆள் வெளியே வந்துவிட்டான். "உனக்குச் சொல்லச் சொன்னார்கள், பாப்பா. அந்தம்மாதான்." நான் மெஸ் வரிசையில் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

நான்கு வாரம்

யார் மேல் தவறு என்று பல நாள் எனக்குள் வழக்கு நடத்தியிருக்கிறேன். முதலில் கல்யாணத்துக்குப் போன அண்ணாச்சியை நினைத்தேன், பிறகு சொல்லாமல் போன சீனியரை. பிறகு, அச்சடித்தது மாதிரி எல்லோருக்கும் ஒரே நிபந்தனை எழுதும் வழக்கத்தை. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் எனக்கு நானே விதித்துக்கொண்ட பங்கைக் குறைக்க முடியவில்லை. எனக்குத் தெரியாததை அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு சொன்னேன். பயிற்சிக்கு வரும் மாணவர்கள் என்ன உடை அணிய வேண்டும் என்று விதிகளில் இருக்கிறது. அந்த உடையைப் பார்த்து நம்பி வருகிறவரிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று எங்களுக்கு ஒரு மணி நேரம்கூட யாரும் சொல்லித்தரவில்லை. "எனக்குத் தெரியாது அம்மா, கேட்டுவிட்டு வருகிறேன்" என்று நான் சொல்லியிருந்தால் அந்த அம்மா ஊருக்குப் போயிருக்க மாட்டார். ஒன்பது நாள் மிச்சமாகியிருக்கும்.

கவனிப்பதுதான் பயிற்சி என்று சீனியர் சொன்னதை நான் இப்போது ஏற்கவில்லை. கூடத்தில் நடப்பதைக் கவனித்தால் சட்டத்தில் ஐந்து நிமிடத்தைத்தான் பார்க்க முடியும். அதற்கு முன்பு அண்ணாச்சியின் மேசையும், அதற்குப் பின்பு ஜாமீன்தாரர் வரிசையும், நகல் பிரிவும், சிறை வாசலும் இருக்கின்றன. அங்கெல்லாம் மாணவர்களை யாரும் அனுப்புவதில்லை. அனுப்பினாலும் முடிவைப் பார்க்க முடியாது. ஒரே மூச்சில் நான்கு வாரத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறது விதி. வகுப்பு கெடக் கூடாது என்ற அக்கறை அதில் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்த வழக்கும் நான்கு வாரத்துக்குள் தொடங்கி முடிவதில்லை. ஒரு சிறிய பிணை மனுவே என் நான்கு வாரத்துக்குள் அடங்கவில்லை. ஓர் உரிமையியல் வழக்கில் சம்மன் போய்ச் சேரவே அதைவிட நாளாகும். ஆக, நாங்கள் எல்லோரும் நடுவில் ஏறி நடுவில் இறங்கிய பயணிகள். எங்கே கிளம்பியது, எங்கே போய்ச் சேர்ந்தது என்பது தெரியாமலே டிக்கெட்டை மட்டும் பத்திரமாகக் கல்லூரியில் கொடுக்கிறோம்.

விதியை மறுபடி படித்துப் பாருங்கள். தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது என்றுதான் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் என்று ஆண்டு முழுவதும் ஒரே கட்டின் பின்னால் ஒரு மாணவி போய்வருவதை அது தடுக்கவில்லை. வக்காலத்தில் கையெழுத்து வாங்கிய நாளிலிருந்து, குறைந்தது ஒரு இடைக்கால மனுவாவது முடியும் வரை, அந்தக் கட்சிக்காரரின் முகம் தெரிந்து போய்வர வேண்டும். அதற்குக் கல்லூரியும் நீதிமன்றமும் பக்கத்தில் இருக்க வேண்டும். சென்னைச் சட்டக் கல்லூரி நூறாண்டுகளுக்கு மேல் உயர் நீதிமன்றத்தை ஒட்டியே இருந்தது. மாணவர்கள் காலையில் வகுப்பிலும் மதியம் நீதிமன்றக் கூடத்திலும் இருந்ததாகப் பழைய வழக்கறிஞர்கள் இன்றும் ஆசையோடு சொல்வார்கள். 2018இல் அது புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் பிரிந்து போயிற்று. கட்டடங்கள் புதியவை, இடம் தாராளம். நடந்து போகும் தூரத்தில் உயர் நீதிமன்றம் இல்லை. என் பார்வையில் அது பெரிய இழப்பு.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், உரிமையியல் நீதிபதித் தேர்வு எழுத மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்ற பழைய நிபந்தனையை மீண்டும் கொண்டுவந்தது. என்னோடு படித்த பலருக்கு அது பேரிடி. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் மூன்றாண்டு காலம் எப்படிச் சமாளிப்பார்கள் என்ற அவர்கள் கேள்வி நியாயமானது. இருந்தாலும், ஜாமீன்தாரர் வரிசையில் ஒரு நாளும் நின்று பார்க்காத ஒருவர் "இரண்டு நபர் ஜாமீன்" என்று எழுதுவதை என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அந்த வரிசையைப் பார்க்க மூன்றாண்டு தேவையில்லை. படிக்கும்போதே ஒழுங்காகக் காட்டியிருந்தால் போதும்.

இப்போது நான் அதே சீனியரிடம் ஜூனியர். திருட்டுக்கான 379 இன்றைக்கு வேறு எண்ணாகிவிட்டது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிணைக்கான 437 இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 480. அண்ணாச்சிக்குக் கண் புரை அறுவைச் சிகிச்சை ஆகி, மறுபடி வந்து உட்கார்ந்திருக்கிறார். இந்த மே மாதம் ஒரு மாணவி வந்தாள், நான்காம் ஆண்டு. முதல் நாளே அவளை அண்ணாச்சி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். பிணை உத்தரவு வந்தால் நாட்குறிப்பில் அன்றைக்கு எதையும் எழுதாதே, அந்தப் பக்கத்தைக் காலியாக விடு என்றேன். ஏன் என்று கேட்டாள். அந்த அம்மாவைப் பற்றிச் சொன்னேன்.

போன வாரம் வெள்ளிக்கிழமை அவளுக்குச் சான்றிதழ் எழுதிக்கொண்டிருந்தேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டவள் போகாமல் நின்றாள். "அக்கா, அந்தச் சுண்ணாம்புக் காளவாய்க்காரருக்குச் செவ்வாய்க்கிழமைதான் ஜாமீன் கொடுக்க ஆள் வருகிறார்களாம். சான்றிதழ்த் தேதி இன்றோடு முடிகிறது. நான் வரலாமா?" வா என்றேன். அவர்கள் ஊரிலிருந்து முதல் பஸ் ஆறே காலுக்கு. பத்தரைக்குள் வந்து சேர்ந்துவிடலாம்.